கிரிப்டோ அனுப்பும் முன் வாலட் அட்ரஸைச் சரிபார்ப்பது எப்படி? முதல் 4, கடைசி 4 எழுத்து பார்த்தால் போதாதா?

2025 டிசம்பரில் நடந்த சம்பவம் இது. ஒருவர் தன்னிடம் இருந்த சுமார் 5 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவை ஒரு வாலட்டில் இருந்து இன்னொரு வாலட்டுக்கு மாற்ற நினைத்தார். யுஎஸ்டிடி எனப்படும் டெதர் காயின் அது. ஒரு காயின் ஏறக்குறைய ஒரு டாலர். தொகை பெருசு என்பதால் அவர் அவசரப்படவில்லை. முதலில் 50 டாலர் மட்டும் அனுப்பிப் பார்த்தார். சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு மீதி முழுவதையும் அனுப்பினார். 4,99,99,950 டாலர். அது போய்ச் சேர்ந்தது முன்பின் தெரியாத ஒருவரின் வாலட்டுக்கு.

யாரும் அவரது வாலட்டை ஹேக் செய்யவில்லை. பாஸ்வேர்டு திருடு போகவில்லை. ஓடிபி கேட்டு யாரும் போன் பண்ணவும் இல்லை. தன்னுடைய வாலட் ஹிஸ்டரியில் இருந்த ஒரு அட்ரஸை அவரே காப்பி செய்து, அவரே பேஸ்ட் செய்து, அவரே அனுப்பினார். அந்த அட்ரஸ் ஏற்கெனவே 50 டாலர் அனுப்பிய அட்ரஸ் மாதிரியே இருந்தது. மாதிரிதான், அதே அட்ரஸ் இல்லை.

'முதல்ல கொஞ்சம் அனுப்பிப் பாருங்க, அப்புறம் மொத்தமா அனுப்புங்க' என்பதுதான் கிரிப்டோ உலகில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற அறிவுரை. அதை அப்படியே பின்பற்றிய ஒருவர் எப்படி ஏமாந்தார்? அட்ரஸைச் சரிபார்ப்பது என்றால் உண்மையில் எதை, எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

யுபிஐ-யில் பெயர் வரும், இங்கே வராது

ஜிபேயிலோ போன்பேயிலோ ஒரு நம்பரைப் போட்டால், பணம் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு யாருடையது என்று பெயர் வந்துவிடும். பேங்க் டிரான்ஸ்ஃபரில் ரொம்ப காலமாக இந்த வசதி இல்லை. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் பணம் வேறு யாருக்கோ போய்விடும் என்ற பயம் இருந்தது. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரலில் இருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பெறுபவர் பெயரைப் பார்த்துவிட்டு அனுப்பும் வசதியை வங்கிகள் தர வேண்டும். அப்படியும் தவறிப்போனால் வங்கிக் கிளைக்கு ஓடலாம், புகார் கொடுக்கலாம், எதிர்க் கணக்கை முடக்கச் சொல்லலாம்.

கிரிப்டோவில் இது எதுவும் கிடையாது. அட்ரஸுக்குப் பின்னால் பெயர் இல்லை, கிளை இல்லை, மேனேஜர் இல்லை. பரிமாற்றம் பிளாக்செயினில் உறுதியாகிவிட்டால் அதை ரத்து செய்ய யாருக்கும் பட்டன் இல்லை. பெறுபவராக மனசு வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. அதனால் 'அனுப்பு' பட்டனைத் தொடுவதற்கு முந்தைய ஒரு நிமிடம்தான் நமக்கு இருக்கிற மொத்தப் பாதுகாப்பும்.

அந்த அட்ரஸும் மனிதர்கள் வாசிப்பதற்கு வசதியானது இல்லை. எத்தீரியம் அட்ரஸ் என்றால் மொத்தம் 42 எழுத்துகள். தொடக்கத்தில் பூஜ்யமும் எக்ஸும் எல்லா அட்ரஸுக்கும் பொது. மீதி 40 இடங்களில் 0 முதல் 9 வரையிலான எண்களும், ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்து வரும். ட்ரான் நெட்வொர்க் அட்ரஸ் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து நீளம். பிட்காயினில் பழைய வகை அட்ரஸ்கள் 1 அல்லது 3 என்ற எண்ணில் தொடங்கும், புதிய வகை 'பிசி1' என்று தொடங்கும்.

இவ்வளவு நீளமானதை யார் முழுசாகப் படிப்பார்கள்? பெரும்பாலானவர்கள் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் பார்த்து 'சரி, அதேதான்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வாலட் ஆப்களே அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. திரையில் இடம் பத்தாது என்று முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் காட்டிவிட்டு, நடுவில் மூன்று புள்ளி வைத்துவிடுகிறார்கள். ஏமாந்தவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த வடிவமைப்பைத்தான் குறை சொல்ல வேண்டும். மோசடிக்காரர்கள் வேலை பார்ப்பதே அந்த மூன்று புள்ளிக்குள்தான்.

'அட்ரஸ் பாய்சனிங்' என்றால் என்ன?

பிளாக்செயினில் நடக்கும் எல்லாப் பரிமாற்றமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்பதை மோசடிக் கும்பல்களின் மென்பொருள்கள் இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் ஒரு அட்ரஸுக்கு 50 டாலர் அனுப்பியதும், முன்னும் பின்னும் அதே எழுத்துகள் கொண்ட ஒரு போலி அட்ரஸை அவர்கள் உருவாக்கிவிடுவார்கள். உங்கள் ஆளின் அட்ரஸ் 4871 என்று தொடங்கி 9036 என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். போலியும் 4871 என்று தொடங்கும், 9036 என்றே முடியும். நடுவில் உள்ள 32 எழுத்துகள் வேறாக இருக்கும்.

அவ்வளவு துல்லியமாக எப்படி உருவாக்க முடியும்? இது கணக்கு. ஒவ்வொரு இடத்திலும் 16 வாய்ப்புகள். எட்டு இடம் ஒத்துப்போக வேண்டும் என்றால் 16-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 429 கோடி. நமக்கு இது பெரிய எண். ஆனால் கேம் விளையாடப் பயன்படும் கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய கம்ப்யூட்டருக்கு இது சாதாரண வேலை. கோடிக்கணக்கான அட்ரஸ்களை வரிசையாக உருவாக்கிப் பார்த்து, பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொள்ளும். பத்து இடம் ஒத்துப்போக வேண்டும் என்றால் 1.1 லட்சம் கோடி முயற்சி. அதுவும் செய்யக்கூடியதுதான். நாற்பது இடமும் ஒத்துப்போக வேண்டும் என்றால்தான் உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் சேர்த்தாலும் நடக்காது. அதாவது, முழு அட்ரஸை ஒப்பிட்டுப் பார்க்கிறவரை இந்த வழியில் ஏமாற்றவே முடியாது.

போலி அட்ரஸைத் தயார் செய்தாயிற்று. அடுத்து அதை உங்கள் ஹிஸ்டரிக்குள் நுழைக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. போலி அட்ரஸில் இருந்து உங்களுக்குச் சில்லறைத் தொகையை அனுப்பி வைப்பது ஒன்று. யுஎஸ்டிடி என்று அதே பெயர் வைத்த, பைசா பெறாத ஒரு டோக்கனை உருவாக்கி, நீங்கள் அனுப்பிய அதே தொகைக்குப் பதிவு போடுவது இன்னொன்று.

மூன்றாவதுதான் ரொம்ப விஷமத்தனமானது. பூஜ்யம் டாலரை 'நீங்களே' அந்தப் போலி அட்ரஸுக்கு அனுப்பியது போல ஒரு பதிவை உருவாக்குவார்கள். உங்கள் அனுமதி இல்லாமல் அது எப்படி முடியும்? எத்தீரியம் டோக்கன்களில், இன்னொருவர் கணக்கில் இருந்து தொகையை நகர்த்துவதற்கு அவர் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். எவ்வளவு தொகைக்கு அனுமதி இருக்கிறதோ அவ்வளவுதான் எடுக்க முடியும். அனுமதியே கொடுக்கவில்லை என்றால் வரம்பு பூஜ்யம். பூஜ்யம் தொகையை நகர்த்த பூஜ்யம் அனுமதி போதுமே! விதிமுறைப்படி அது செல்லும். பணம் எதுவும் போகாது. ஆனால் ஹிஸ்டரியில் 'நீங்கள் அனுப்பியது' என்ற தலைப்பின் கீழ் போலி அட்ரஸ் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த முறை அவசரத்தில் ஹிஸ்டரியைத் திறக்கிறீர்கள். 'போன தடவை அனுப்பினோமே, இதுதான்' என்று மேலே இருப்பதை காப்பி செய்கிறீர்கள். அவ்வளவுதான்.

டிசம்பரில் நடந்ததும் இதேதான். சோதனைக்காக அனுப்பிய 50 டாலர்தான் மோசடிக்காரருக்கு மணி அடித்தது. 'இந்த வாலட்டில் பெரிய தொகை இருக்கிறது, இந்த அட்ரஸுக்குப் போகப் போகிறது' என்று அந்தச் சின்னப் பரிமாற்றமே காட்டிக்கொடுத்துவிட்டது.

போலீஸே ஏமாந்த கதை

கிரிப்டோ பற்றி அதிகம் தெரியாதவர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் அமெரிக்காவின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏ, ஒரு வழக்கில் 5 லட்சம் டாலருக்கு மேல் டெதரைப் பறிமுதல் செய்து தன் வாலட்டில் வைத்திருந்தது. அதை அரசின் இன்னொரு துறையான மார்ஷல்ஸ் சர்வீஸுக்கு மாற்ற வேண்டும். முதலில் சோதனைக்காக 45.36 டாலர் அனுப்பினார்கள். மோசடிக்காரர் அதைப் பார்த்து, முதல் ஐந்து எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பொருந்துகிற அட்ரஸைத் தயார் செய்து, டிஇஏ-வின் வாலட்டுக்குச் சில்லறை அனுப்பி வைத்தார். அடுத்து டிஇஏ அனுப்பிய 55 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகை நேராக அவரிடம் போனது. தவறு தெரிந்து, முடக்கச் சொல்லி டெதர் நிறுவனத்தைக் கேட்பதற்குள் அவர் பணத்தை வேறு காயினாக மாற்றிவிட்டார்.

2024 மே மாதத்தில் நடந்தது இன்னும் பெரிய கதை. பிட்காயின் மதிப்போடு இணைந்த டபிள்யூபிடிசி என்ற டோக்கன் 1,155, போலி அட்ரஸுக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 கோடி டாலர். நம்ம ஊர்க் கணக்கில் 550 கோடி ரூபாய்க்கு மேல். அங்கேயும் சோதனைப் பரிமாற்றம் முன்னாடியே நடந்திருந்தது. இந்த விஷயத்தில் மட்டும் முடிவு கொஞ்சம் வித்தியாசம். புலனாய்வு நிறுவனங்கள் நெருங்கின, பிளாக்செயின் வழியாகவே பேச்சுவார்த்தை நடந்தது, சில நாட்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இதை நம்பிக்கை தரும் உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படித் திரும்பி வருவது அபூர்வம்.

எத்தனை பேரைக் குறிவைக்கிறார்கள்? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 ஜூலையில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்கான எத்தீரியம், பிஎன்பி செயின் தரவுகளை அலசினார்கள். சுமார் 27 கோடி பாய்சனிங் முயற்சிகள், 1.7 கோடி இலக்குகள். பணம் உண்மையில் பறிபோனது 6,633 சம்பவங்களில்தான். ஆனால் அதில் போன தொகை குறைந்தது 8.38 கோடி டாலர். கோடிக்கணக்கான தூண்டில்களைப் போட்டு, சில ஆயிரம் மீன் சிக்கினால் போதும் என்கிற வியாபாரம் இது.

'தப்பான அட்ரஸ் என்றால் ஆப்பே சொல்லிடுமே?'

இந்த நம்பிக்கை பாதிதான் சரி. பிட்காயின் அட்ரஸுக்குள்ளேயே 'செக்சம்' என்ற சோதனைப் பகுதி இருக்கிறது. ஒரு எழுத்தைத் தப்பாக டைப் செய்தாலும் கணக்கு இடிக்கும், ஆப் ஏற்றுக்கொள்ளாது. பழைய வகை பிட்காயின் அட்ரஸில் பூஜ்யம், ஆங்கில 'ஓ' பெரிய எழுத்து, 'ஐ' பெரிய எழுத்து, 'எல்' சின்ன எழுத்து ஆகிய நான்கும் வரவே வராது. பார்க்க ஒன்று போல இருந்து குழப்பும் என்பதால் வடிவமைக்கும்போதே தூக்கிவிட்டார்கள்.

எத்தீரியத்தில் இந்தச் சோதனை பின்னால்தான் வந்தது. 2016-ல் விட்டாலிக் புட்டரின் முன்வைத்த முறை அது. அட்ரஸில் எந்த எழுத்து பெரிய எழுத்தாக, எது சின்ன எழுத்தாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்யும். தப்பாக டைப் செய்தால் இந்தப் பெரிய–சின்ன வரிசை பொருந்தாது. ஆனால் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே எழுதினால் இந்தச் சோதனை வேலை செய்யாது. பழைய பதிவுகளில் இருந்து அப்படிச் சின்ன எழுத்தில் எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சோலானாவில் தனியாக செக்சம் என்று ஒன்று கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, செக்சம் பிடிப்பது எழுத்துப் பிழையை மட்டும்தான். மோசடிக்காரரின் அட்ரஸில் எழுத்துப் பிழை இல்லை. அது முறையாக உருவான, செல்லுபடியாகும் அட்ரஸ். ஆப்பில் பச்சை டிக் வருகிறது என்றால் 'இது ஒழுங்கான அட்ரஸ்' என்று அர்த்தம். 'இது உங்க ஆளோட அட்ரஸ்' என்று அர்த்தம் இல்லை.

காப்பி பண்ணது ஒன்று, பேஸ்ட் ஆனது ஒன்று

ஹிஸ்டரியைத் தொடாமல், அனுப்ப வேண்டியவர் வாட்ஸ்அப்பில் கொடுத்த அட்ரஸையே காப்பி செய்கிறீர்கள். அப்பவும் ஆபத்து இருக்கிறது. 'கிளிப்பர்' என்று ஒரு வகை மால்வேர். நீங்கள் காப்பி செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். வாலட் அட்ரஸ் போல ஒன்று தெரிந்தால், சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டுத் தன் முதலாளியின் அட்ரஸை வைத்துவிடும். 2019 பிப்ரவரியில் இசெட் நிறுவனம், கூகுள் பிளே ஸ்டோரிலேயே மெட்டாமாஸ்க் வாலட் என்ற பெயரில் இருந்த ஒரு கிளிப்பர் ஆப்பைக் கண்டுபிடித்தது. 2022-ல் வெளியே தெரிந்த லாப்லாஸ் என்ற கிளிப்பர் இன்னும் ஒரு படி மேலே. நீங்கள் காப்பி செய்த அட்ரஸைப் போலவே தோற்றம் கொண்ட அட்ரஸைத் தேடிக் கொடுக்கும்.

இவை பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் வருவது 'கிராக்' செய்த சாஃப்ட்வேர், ஓசி கேம் வழியாகத்தான். ஆயிரம் ரூபாய் சாஃப்ட்வேரை ஓசியில் இறக்கிய அதே லேப்டாப்பில் லட்சக்கணக்கில் கிரிப்டோ வைத்திருப்பவர்கள் உண்டு.

ஆகவே பேஸ்ட் செய்த பிறகு ஒரு தரம் பார்க்க வேண்டும். காப்பி செய்யும்போது பார்த்தது கணக்கில் வராது. கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அனுப்பும் பெட்டியில் பேஸ்ட் ஆகியிருக்கும் அட்ரஸை அங்கிருந்து மறுபடி காப்பி செய்யுங்கள். அசல் அட்ரஸ் உள்ள பக்கத்துக்குப் போய், தேடல் வசதியைத் திறந்து (கன்ட்ரோலும் எஃபும் சேர்த்து அழுத்தினால் வரும்) அதைப் போட்டுத் தேடுங்கள். முழு அட்ரஸும் மஞ்சளில் மின்னினால் இரண்டும் ஒன்று. 'எதுவும் இல்லை' என்று வந்தால் எங்கேயோ கோளாறு, அனுப்பாதீர்கள். போனில் என்றால் நான்கு நான்கு எழுத்தாகப் பிரித்து வாசிப்பதுதான் வழி. எத்தீரியம் அட்ரஸ் பத்துத் துண்டு வரும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்த்தால் ஒரு நிமிடம் கூட ஆகாது. நேரமே இல்லை என்றால், முன்னும் பின்னும் பார்ப்பதோடு நடுவில் இஷ்டத்துக்கு ஏதாவது எட்டு எழுத்தைப் பாருங்கள். நீங்கள் எந்த எட்டைப் பார்ப்பீர்கள் என்பது மோசடிக்காரருக்குத் தெரியாது.

கொஞ்சம் பெரிய தொகை வைத்திருப்பவர்கள் லெட்ஜர், ட்ரெசார் போன்ற ஹார்டுவேர் வாலட் வைத்திருப்பார்கள். அதன் சின்னத் திரையில் அட்ரஸ் முழுவதும் வரும். கம்ப்யூட்டர் திரையை மால்வேர் மாற்றிக் காட்டலாம், இந்தத் திரையை மாற்றுவது ரொம்ப கஷ்டம். அதனால் ஒப்பிட வேண்டியது இந்தத் திரையோடுதான். இதைப் பார்க்காமல் ஓகே கொடுத்தால் ஹார்டுவேர் வாலட் வாங்கியே பிரயோஜனம் இல்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 150 கோடி டாலர் கிரிப்டோ திருடு போனபோது, ஒப்புதல் கொடுத்தவர்களின் கம்ப்யூட்டர் திரையில் சரியான அட்ரஸ்தான் தெரிந்தது. கையெழுத்தானது வேறொன்றுக்கு.

அட்ரஸ் சரி, நெட்வொர்க் தப்பு

ஒரே யுஎஸ்டிடி எத்தீரியத்திலும் இருக்கிறது, ட்ரானிலும் இருக்கிறது, பிஎன்பி செயினிலும் இருக்கிறது. அனுப்பும்போது எந்த நெட்வொர்க் என்று ஆப் கேட்கும். ட்ரான் அட்ரஸும் எத்தீரியம் அட்ரஸும் பார்க்கவே வேறு மாதிரி என்பதால் அங்கே மாறிப்போக வாய்ப்பு குறைவு, ஆப்பே தடுத்துவிடும். சிக்கல் எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகான் இவற்றுக்கு இடையேதான். மூன்றிலும் அட்ரஸ் ஒரே வடிவம். கட்டணம் குறைவு என்று பிஎன்பி செயினைத் தேர்ந்தெடுத்து, எத்தீரியத்தில் மட்டும் வரவு வைக்கிற எக்ஸ்சேஞ்ச் அட்ரஸுக்கு அனுப்பிவிட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறாது. நீங்களே சாவி வைத்திருக்கும் சொந்த வாலட் என்றால் நெட்வொர்க்கை மாற்றிப் பார்த்து எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்ச் என்றால் அவர்கள் தயவு, அவர்கள் கட்டணம், அவர்கள் சொல்லும் நாள்.

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார், டான் போன்றவற்றில் இன்னொரு விஷயம். எக்ஸ்சேஞ்ச் தன் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அட்ரஸைத்தான் கொடுக்கும். யார் பணம் என்று பிரிப்பது 'மெமோ' அல்லது 'டேக்' என்ற எண்ணை வைத்துத்தான். அப்பார்ட்மென்ட் அட்ரஸ் எழுதி வீட்டு நம்பரை விட்ட மாதிரி, மெமோ இல்லாமல் அனுப்பினால் பணம் வாசல் வரை போய் நின்றுவிடும்.

'கான்ட்ராக்ட் அட்ரஸ்' என்று இணையதளங்களில் போட்டிருப்பது அந்த டோக்கனை இயக்கும் நிரலின் அட்ரஸ். யாருடைய வாலட்டும் இல்லை. தேடிப் பார்த்து அதைக் காப்பி செய்து டோக்கனை அனுப்பியவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அப்போ எதோடு ஒப்பிடுவது?

எல்லா எழுத்தையும் ஒப்பிட்டாலும், தப்பான பிரதியோடு ஒப்பிட்டால் பலன் இல்லை. ஹிஸ்டரி, பிளாக்செயின் எக்ஸ்புளோரர் பக்கம் இரண்டுமே அட்ரஸ் எடுக்கும் இடம் இல்லை. யார் வேண்டுமானாலும் உங்கள் ஹிஸ்டரியில் எழுத முடியும் என்று பார்த்தோமே. எத்தீரியத்துக்கான எக்ஸ்புளோரரான ஈதர்ஸ்கேன் 2023-ல் இருந்து பூஜ்யம் தொகைப் பரிமாற்றங்களை மறைத்துக் காட்டுகிறது. ஆனால் சில்லறை அனுப்புகிற வகை இதில் அடங்காது.

சொந்த எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு அனுப்புவது என்றால் ஒவ்வொரு முறையும் அந்த ஆப்பைத் திறந்து 'டெபாசிட்' பக்கத்தில் இருந்து புதிதாக எடுங்கள். பிட்காயினில் ஒவ்வொரு தடவையும் வேறு அட்ரஸ் காட்டினால் பயப்பட வேண்டாம், வாலட்கள் அப்படித்தான் இயங்கும். இன்னொருவருக்கு அனுப்புவது என்றால் அவரிடம் இருந்தே வாங்கி, வேறொரு வழியில் உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் போனில் கூப்பிட்டு நடுவில் உள்ள எட்டு எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அவரது வாட்ஸ்அப் கணக்கே வேறு ஒருவர் கையில் இருக்கலாம். க்யூஆர் கோடு என்றால் ஸ்கேன் செய்ததும் வரும் அட்ரஸையும் பார்க்க வேண்டும். டீக்கடை க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிய கதை நமக்குத் தெரியும்.

ஒருமுறை இப்படி உறுதியான அட்ரஸை வாலட்டின் 'அட்ரஸ் புக்' பகுதியில் பெயர் போட்டுச் சேமித்துவிடுங்கள். பல எக்ஸ்சேஞ்சுகளில் 'ஒயிட்லிஸ்ட்' வசதி இருக்கிறது. சேமித்த அட்ரஸுக்கு மட்டும்தான் பணம் வெளியே போகும் என்று பூட்டிவிடலாம். அட்ரஸ் புக்கில் மோசடிக்காரர் எதையும் நுழைக்க முடியாது. ஹிஸ்டரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

சோதனைப் பரிமாற்றத்தையும் விட வேண்டியதில்லை, செய்கிற விதத்தை மாற்றினால் போதும். சின்னத் தொகையை அட்ரஸ் புக்கில் இருந்து அனுப்புங்கள். வந்துவிட்டதா என்று பெறுபவரிடமே கேளுங்கள், எக்ஸ்புளோரரில் 'வெற்றி' என்று வருவதை நம்பி முடிவு செய்யாதீர்கள். தப்பான ஆளுக்குப் போனாலும் அது 'வெற்றி' என்றுதான் காட்டும். அடுத்து பெரிய தொகையையும் அதே அட்ரஸ் புக்கில் இருந்துதான் எடுக்க வேண்டும், சோதனை செய்த ஹிஸ்டரி வரியில் இருந்து அல்ல. டிசம்பரில் 5 கோடி டாலர் போனது இந்த ஒரு இடத்தில்தான்.

எக்ஸ்புளோரர் வேறு ஒரு விதத்தில் உதவும். அட்ரஸைப் போட்டுத் தேடினால் அது கான்ட்ராக்டா, எப்போது முதல் இயங்குகிறது, மோசடி என்று யாராவது முத்திரை குத்தியிருக்கிறார்களா என்று தெரியும். 'பத்து வருஷமா கிரிப்டோ பிசினஸ் பண்றேன்' என்று சொல்பவர் கொடுத்த அட்ரஸ் நேற்றுத்தான் உயிர் பெற்றது என்றால் யோசிக்க வேண்டும். முத்திரை இல்லை என்பதற்காக நல்லவர் என்று ஆகிவிடாது.

டெலிகிராமில் 'டிரேடிங் குரூப்', தினமும் லாபம், 'இந்த அட்ரஸுக்கு யுஎஸ்டிடி அனுப்புங்க' என்று வருகிற ஆளிடம் இந்தச் சோதனைகள் எதுவும் செல்லாது. அங்கே அட்ரஸ் நூற்றுக்கு நூறு சரியாகத்தான் இருக்கும். ஆள்தான் தப்பு.

தப்பாக அனுப்பிவிட்டால்?

நேரம்தான் இங்கே முக்கியம். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். அனுப்பியது இந்திய எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இருந்து என்றால் அவர்களுக்கும் அதே நேரத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். இந்தியாவில் கிரிப்டோ சேவை தரும் நிறுவனங்கள் 2023 மார்ச்சில் இருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வாடிக்கையாளர் யார் என்ற விவரத்தை அவை வைத்திருக்க வேண்டும். மோசடிக்காரர் பணத்தை எடுக்க ஏதாவது ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால், அங்கே பிடிக்க வழி உண்டு.

போனது டெதர் என்றால் கூடுதலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. டெதர் நிறுவனத்தால் குறிப்பிட்ட அட்ரஸில் உள்ள யுஎஸ்டிடியை முடக்க முடியும். ஆனால் விசாரணை அமைப்புகள் கேட்டால்தான் பெரும்பாலும் செய்வார்கள், அதற்குள் மோசடிக்காரர் வேறு காயினாக மாற்றிவிட்டால் வழி இல்லை. பிட்காயின், ஈதர் இரண்டையும் முடக்குவதற்கு அப்படி ஒரு நிறுவனமே கிடையாது.

சமூக ஊடகத்தில் 'பணம் போச்சு' என்று எழுதியதும், 'நாங்க மீட்டுத் தர்றோம்' என்று மெசேஜ் வரத் தொடங்கும். முன்பணம் கேட்பார்கள், இல்லை வாலட்டின் 12 சொல் ரகசியத்தைக் கேட்பார்கள். அது இரண்டாவது மோசடி.

புகார் கொடுக்கும்போது மூன்று விவரங்களை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் இல்லாமல் எழுத்தாகவும் கொடுங்கள்: பரிமாற்றத்தின் 'ஹாஷ்' எண், நீங்கள் அனுப்ப நினைத்த அட்ரஸ், பணம் உண்மையில் போன அட்ரஸ். ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் நடுவில் மூன்று புள்ளிதான் இருக்கும். அதை வைத்து விசாரணை அதிகாரியால் எதையும் தேட முடியாது.